ஏரிக்கரைக் குளிருக்கு ஏற்ற மேலங்கி

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில், நம் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு மறுபரிசோதனைக்காக வந்த அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்பும் எழுந்து செல்லாமல் தயங்கி அமர்ந்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத் தமனியில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். பத்து ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும் மகள் வீட்டுக்கு அக்டோபரில் புறப்பட இருந்தார். அங்கே மருமகனுக்கு, நண்பர்களோடு சேர்ந்து வாத்து வேட்டைக்குச் செல்லும் பழக்கம் உண்டாம். “மாமா, நீங்களும் ஒரு நாள் வாருங்கள். சுட வேண்டாம், பார்த்தால் போதும்” என்று அழைத்திருக்கிறார். பெரியவருக்கும் ஆசை. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “டாக்டர், என்ன ஜாக்கெட் வாங்கலாம்?”

“நல்ல தடிமனாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த நோயாளி வாசலில் நின்றிருந்தார். ஆனால் அந்தப் பதில் அன்று மாலையே என்னை உறுத்தத் தொடங்கியது. ஈரமும் காற்றும் சேர்ந்த குளிரில் தடிமன் மட்டும் ஒருவரைக் காப்பாற்றுவதில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு இன்னொரு முறை வருமாறு கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டாம் சந்திப்பில் பேசியவற்றை விரித்து எழுதியதே இக்கட்டுரை. ஜாக்கெட் என்றால் நம் வீடுகளில் ரவிக்கை என்றே பொருள்படுவதால், இங்கே மேலங்கி என்று எழுதுகிறேன்.

நம் நாட்டில் நீர்ப்பறவைகளை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வேடந்தாங்கல் என்ற ஊர்ப்பெயரில் வேடன் இன்னும் இருக்கிறான். ஏரியில் இருப்பவை பறவைகள் மட்டுமே. அமெரிக்காவிலோ, உரிமமும் பருவ வரையறையும் நாளொன்றுக்கு இத்தனை பறவை என்ற கணக்கும் வைத்து அதை அனுமதிக்கிறார்கள். அதன் நியாயத்தை ஆராய்வது என் வேலையன்று. என் நோயாளி அங்கே போகப் போகிறார். அவர் நலமாகத் திரும்ப வேண்டும்.

ஒரு விடுமுறை நாளின் கதை

மினசோட்டாவில் வயதானவர்கள் இன்றும் நினைவுகூரும் ஒரு புயல் உண்டு. 1940ஆம் ஆண்டு நவம்பர் 11. முதல் உலகப் போர் முடிவுற்றதை நினைவுகூரும் விடுமுறை நாள். காலையில் பருவத்துக்கு ஒவ்வாத இதமான வெயில். மிசிசிப்பி ஆற்றின் திட்டுகளுக்கும் ஏரிகளுக்கும் ஏராளமானோர் சிறு படகுகளில் வாத்து வேட்டைக்குக் கிளம்பினார்கள். பலரும் அந்த இதமான காலைக்கு ஏற்றவாறே இலேசாக உடுத்தியிருந்தார்கள். வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தாழப் பறந்து வந்தன. அவை புயலுக்கு முன்னால் ஓடிவருகின்றன என்பது அப்போது பெரும்பாலோருக்குப் புரியவில்லை.

நண்பகலை ஒட்டிக் காற்று திசை மாறியது. முதலில் மழை, பின்னர் மழையோடு கலந்த பனிக்கட்டி, பின்னர் கண் தெரியாத பனிப்பொழிவு. சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே சரிந்தது. ஆற்றில் எழுந்த அலைகளால் படகுகள் கரைக்குத் திரும்ப முடியவில்லை. மினசோட்டாவின் சில பகுதிகளில் இரண்டு அடிக்கு மேல் பனி விழுந்தது. அந்தப் புயலில் பல மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். மினசோட்டாவில் மட்டும் 49 பேர். அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள். மறுநாள் வினோனா நகரத்து விமானி மேக்ஸ் கான்ராட் ஒரு சிறு விமானத்தில் ஆற்றின் மேல் தாழப் பறந்து, திட்டுகளில் சிக்கியிருந்தவர்களைத் தேடி, உணவும் தீப்பெட்டியும் அடங்கிய தகர டப்பாக்களை வீசி, அவர்கள் இருக்குமிடத்தை மீட்புப் படகுகளுக்குக் காட்டினார்.

இந்தக் கதையில் மருத்துவர் கவனிக்க வேண்டியது அதன் வரிசை. முதலில் நனைந்தார்கள், அதன் பிறகே குளிர் வந்தது. பிழைத்தவர்கள் படகைக் கவிழ்த்துக் காற்றுக்கு மறைவாக்கி, நெருக்கமாக அமர்ந்து, உறங்கிவிடாமல் உடலை அசைத்துக்கொண்டே இரவைக் கழித்தவர்கள்.

மேலங்கி வெப்பம் தருவதில்லை

நம்மில் பலர் கம்பளி உடை சூடு தருகிறது என்று நினைக்கிறோம். எந்த உடையும் சூடு தருவதில்லை. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. உடையின் வேலை அந்த வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே. அதையும் செய்வது துணியன்று. துணியின் இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், நிலைமை தலைகீழாகிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடையின்மேல் காற்றும் வீசினால், ஈரம் ஆவியாகும்போது இன்னும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதே விதியால்தான். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்பவர் தம்மையே பானையாக்கிக்கொள்கிறார்.

இதனாலேயே உறைநிலைக்குக் கீழே உள்ள உலர்ந்த குளிரைவிட, 5 டிகிரி செல்சியசில் பெய்யும் தூறல் சில வேளைகளில் அதிக ஆபத்தானது. உலர்ந்த பனி உடையின்மேல் விழுந்தால் தட்டிவிடலாம். தூறலைத் தட்டிவிட முடியாது. ஆபத்து என்று மனத்தில் படுவதும் இல்லை.

இதைப் பெரியவரிடம் விளக்கும்போது எனக்கு வேட்டைக்காரர்களைவிட வாத்தே நல்ல எடுத்துக்காட்டாகத் தோன்றியது. பனிக்கட்டி மிதக்கும் நீரில் நாள் முழுவதும் நீந்தினாலும் அதன் தோல் நனைவதில்லை. மேலே இருக்கும் இறகுகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடு வேய்ந்தாற்போல் நீரைத் தடுக்கின்றன. வாலின் அடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துத் தடவி, அந்த இறகுகளை அது ஓயாமல் பராமரிக்கிறது. அவற்றின் அடியில் பஞ்சு போன்ற மென்தூவி காற்றைத் தேக்கி வைக்கிறது. கால்களுக்குச் செல்லும் சூடான குருதியும், அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த குருதியும் அருகருகே ஓடி, வழியிலேயே வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. வெளியே நீரைத் தடுக்கும் ஓர் அடுக்கு, உள்ளே காற்றைத் தேக்கும் ஓர் அடுக்கு, இடைவிடாத பராமரிப்பு: மேலங்கி தேர்ந்தெடுப்பதற்கான பாடம் முழுவதும் அந்தப் பறவையிடம் இருக்கிறது.

பனியனிலிருந்து தொடங்குவோம்

மேலங்கியைப் பற்றிக் கேட்டவரிடம் நான் முதலில் பேசியது பனியனைப் பற்றி. நம் ஆண்களில் பெரும்பாலோர் எந்த உடைக்கு அடியிலும் பருத்திப் பனியன் அணிவார்கள். நம் வெயிலுக்கு அது பொருத்தமானது. வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கிறது. குளிர்ப்பிரதேசத்திலும் அதே வேலையைத்தான் செய்யும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தோலை ஒட்டி, நெடுநேரம் உலராமல் கிடக்கும். எத்தனை விலையுள்ள மேலங்கியை வாங்கினாலும் அதன் அடியில் ஈரமான பருத்திப் பனியன் இருந்தால் பயனில்லை. ஆகவே தோலை ஒட்டி அணிவது மெல்லிய கம்பளியாகவோ, செயற்கை இழையாலான உள்ளாடையாகவோ இருக்கட்டும். மெரினோ எனப்படும் மென்கம்பளி அரிப்பதில்லை. முதியோரின் வறண்ட தோலுக்கும் ஒத்துவரும். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்ட பின்பும் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும்.

நடு அடுக்கில்தான் காற்றைத் தேக்கும் பொருள் வர வேண்டும். இதில் ஒரு பழைய கதை உதவும். 1930களின் நடுவில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்த எடி பாவர் என்பவர், குளிர்கால மீன்பிடிப் பயணம் ஒன்றில் கம்பளி உடை நனைந்து, குளிரால் உயிரிழக்கும் நிலைக்குச் சென்றார். பிழைத்து வந்தவர், பறவையின் மென்தூவியை அறை அறையாகத் தைத்து அடைத்த மேலங்கியை உருவாக்கினார். 1940இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எடைக்கு எடை ஒப்பிட்டால் இன்றும் மென்தூவியை மிஞ்சும் வெப்பக்காப்பு அரிது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வாத்தின் உடலில் அதன்மேல் நீர்புகா இறகு இருக்கிறது. கடையில் விற்கும் மேலங்கியில் பெரும்பாலும் மெல்லிய துணி மட்டுமே. மென்தூவி நனைந்தால் கட்டி கட்டியாகச் சுருண்டு, காற்றைத் தேக்கும் ஆற்றலை இழந்துவிடும். உலரவும் நெடுநேரம் ஆகும். ஈரக்குளிருக்குச் செல்பவர் செயற்கைப் பஞ்சு அடைத்ததையோ, ஃபிளீஸ் எனப்படும் மென்முடித் துணியையோ தேர்வது பாதுகாப்பு. நனைந்தாலும் இவை தம் பருமனை ஓரளவு காத்துக்கொள்ளும். பிழிந்து மறுபடி அணியலாம்.

மேலே அணியும் ஓடு

இனி, அவர் கேட்ட மேலங்கி. அதன் முதல் வேலை நீரையும் காற்றையும் தடுப்பது. நம் ஊரில் இருசக்கர வாகனத்தில் செல்வோர் அணியும் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் அதைச் செய்கிறது. ஆனால் அதை அரைமணி நேரம் அணிந்து வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், மழை புகாவிட்டாலும் உள்ளே சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். ஆகவே இரண்டாம் வேலையும் முக்கியம்: உடலின் நீராவியை வெளியே விட வேண்டும்.

பழைய தலைமுறையினர் இதற்கு மெழுகு ஏற்றிய பருத்தித் துணியை நம்பினார்கள். கப்பற்பாய்த் துணியில் எண்ணெய் தடவி மழைக்கு அணிந்துகொண்ட மாலுமிகளின் வழக்கத்திலிருந்து வந்தது அது. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1894இல் தொடங்கிய பார்பர் நிறுவனத்தின் மெழுகுக் கோட்டுகள் அந்நாட்டு நீர்ப்பறவை வேட்டைக்காரர்களிடம் இன்றும் மதிப்புப் பெற்றவை. உறுதியானவை, முள்ளில் கிழியாதவை, அசையும்போது சலசலக்காதவை. ஆனால் கனமானவை, ஆவியை எளிதில் வெளிவிடாதவை, அவ்வப்போது மீண்டும் மெழுகு பூச வேண்டியவை. தோள்வலி உள்ள முதியவருக்கு அந்தக் கனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், சமையல் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது, அது கிழியாமல் நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய துளைகள். கோர்டெக்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது அதிலிருந்து வந்ததே. இப்போது பல நிறுவனங்கள் வேறு வேறு பெயர்களில் இத்தகைய படலங்களைத் துணிக்குள் ஒட்டி விற்கின்றன. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அட்டையில் நீர்புகாத் திறன் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். நீர்த்தூண் எவ்வளவு உயரம் வரை அழுத்தினாலும் துணி கசியாது என்பதே அதன் பொருள். நாள் முழுதும் மழையில் ஈரத் தரையில் அமர்ந்திருக்க வேண்டுமானால் 10,000க்குக் குறையாமல் இருக்கட்டும். 20,000 இருந்தால் நல்லது.

எண்ணைவிட முக்கியமானது தையல். ஊசி நுழைந்த ஒவ்வோர் இடமும் ஒரு துளை. மேலங்கியை உட்புறம் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையல்களின்மீதும் நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டிவிட்டு, பக்கங்களில் விட்டுவிடுவது மலிவான ஆடைகளில் சாதாரணம். முன்புற ஜிப்பின் மேல் ஒரு மடிப்பும், அம்மடிப்பைப் பிடிக்கப் பொத்தான்களோ ஒட்டுநாடாவோ இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வாத்து வேட்டைக்கென்றே தைக்கப்படும் மேலங்கியில் இன்னொரு நுட்பம் உண்டு. பெரியவருக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான். வேட்டைக்காரர்கள் விடிவதற்கு முன்பே ஆழமற்ற நீரில் போலி வாத்துப் பொம்மைகளை மிதக்க விடுவார்கள்; முடிந்ததும் அவற்றை எடுக்க முழங்கை வரை நீரில் கைவிட வேண்டும். கையைத் தூக்கும்போது அந்தக் குளிர்நீர் சட்டைக்கைக்குள் வழிந்து விலா வரை ஓடும். அதைத் தடுக்க, கைமுனையின் உட்புறம் மணிக்கட்டை இறுகப் பிடிக்கும் ரப்பர் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டார் அவருடைய மனைவி. படகில் ஏறும்போது விளிம்பைப் பிடிக்கிற கை நனையாமல் இருக்குமா என்று கேட்டேன். ஆனால் அந்தப் பட்டை குருதியோட்டத்தைத் தடுக்குமளவு இறுகக்கூடாது. போட்டுப் பார்த்து, விரல் நுனிகள் வெளுக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

நீளமும் கவனிக்கத் தக்கது. நீருக்குள் இறங்குபவர்கள் மார்பு வரை ஏறும் நீர்புகாக் காற்சட்டை அணிவார்கள். அவர்களுக்கு இடுப்பளவு குட்டையான மேலங்கி பொருந்தும். நீண்டதாயின் அதன் விளிம்பு நீரில் தோய்ந்து ஈரத்தை மேலே இழுக்கும். கரையில் நாணல் மறைப்புக்குள் அமர்ந்திருப்பவருக்கு, அமரும் இடம் நனையாதபடி தொடை வரை நீண்டதே நல்லது. பெரியவருக்கு இரண்டாவதைச் சொன்னேன். உள் அடுக்குகள் அனைத்தையும் அணிந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள்; மேலங்கியைப் போட்டு இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள்; அமர்ந்து எழுந்து பாருங்கள். இறுக்கமான மேலங்கி, உள்ளே தேங்கிய காற்றை நசுக்கிவிடும். தலைமூடி பக்கப் பார்வையையும் கேள்வியையும் மறைக்காமல் திருப்பும் திசைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தில் துப்பாக்கி இருக்கும் இடத்தில் சொன்னது காதில் விழாமல் போகக்கூடாது. உள்ளே நம் மங்கி கேப்பையே அணியலாம். கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

நடந்து செல்லும்போது இந்த மேலங்கியை அணியாதீர்கள். இதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. சேற்றிலும் நாணலிலும் சுமையோடு நடப்பது பெரும் உழைப்பு. வியர்த்து நனைந்து போய்ச் சேர்ந்தவர், பின் அசையாமல் அமரும்போது அந்த வியர்வையே எதிரியாகும். முடிந்தால் பையில் வைத்து எடுத்துச் சென்று, அமர்ந்த பின் அணியுங்கள். மழை பெய்தால் ஜிப்பைத் திறந்துவிட்டு மெல்ல நடங்கள்.

நோயாளிக்கு மட்டும் உரியவை

மேற்கண்டவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதவை சில உண்டு.

குளிர் பட்டதும் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. குருதி அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் உழைப்பு கூடுகிறது. தமனியில் அடைப்பு உள்ளவருக்கு, வீட்டில் வராத மார்புவலி எதிர்க்காற்றில் நடக்கும்போது வரலாம். ஆகவே நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மேலங்கியின் உட்பையில், மார்பை ஒட்டி வையுங்கள். கையுறை அணிந்த விரலால் திறக்கக்கூடிய பையாக இருக்கட்டும். பொதி சுமப்பதும் படகைத் தள்ளுவதும் உங்கள் வேலையன்று. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரின் கைகால்கள் இயல்பாகவே சில்லிட்டிருக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கையுறையைக் கூட்டுங்கள்.

பேஸ்மேக்கர் அல்லது இதய அதிர்வுக் கருவி பொருத்தப்பட்டவர்கள், மேலங்கியின் மூடிகளில் காந்தம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பொத்தானுக்குப் பதிலாகக் காந்தம் வைத்த ஆடைகள் இப்போது பரவலாக வருகின்றன. காந்தம் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்பின் மேல் வரும் மூடிக்கு அது இயலாது, ஆகவே அத்தகைய ஆடையே வேண்டாம். பேட்டரியால் சூடேறும் மேலங்கியை வாங்குமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஆர்வத்தில் யாரேனும் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால், கருவி இருக்கும் பக்கத்துத் தோளில் வைத்து ஒருபோதும் சுடாதீர்கள். பின்னுதைப்பு கருவியின் கம்பியைச் சேதப்படுத்தலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதமே கவலை. உணர்ச்சி குறைந்த பாதம் உறைவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது. காலணிக்குள் வைக்கும் வேதியியல் சூட்டுப் பொட்டலங்களை அவர்கள் பயன்படுத்த வேண்டாம். வலி தெரியாமலே தோல் வெந்துபோகும். இன்சுலின் உறைந்துவிட்டால், உருகிய பின் தெளிவாகத் தோன்றினாலும் எறிந்துவிட வேண்டும். அதையும் சர்க்கரை அளவிடும் கருவியையும் உட்பையில் உடல்சூட்டில் வையுங்கள். மிகக் குளிர்ந்த கருவி தவறான அளவைக் காட்டலாம். நடுக்கம் குருதிச் சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும். ஏதேனும் இனிப்பு கைக்கு எட்ட இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் மறைத்து மஃப்ளர் கட்டிக்கொள்ள வேண்டும்.

குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். நீர்பிரிக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் புரோஸ்டேட் சிக்கல் உள்ளவர்களும் ஐந்து அடுக்கு உடையோடு அவசரப்படுவது சங்கடம் மட்டுமன்று, நனையவும் வழி. மாத்திரையின் நேரத்தை அன்று மாற்றலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கீழிருந்தும் திறக்கக்கூடிய ஜிப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

படகில் ஏறினால் மிதவை அங்கியை எல்லாவற்றுக்கும் மேலே அணிய வேண்டும். இருக்கைக்கு அடியில் வைப்பதால் பயனில்லை. உறைநீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் தம் மூச்சைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறுவார். பயனுள்ளவாறு கைகால்களை அசைக்க ஏறத்தாழ பத்து நிமிடமே கிடைக்கும். நினைவிழக்க ஒரு மணி நேரம்வரை ஆகலாம். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது. அந்த முதல் நிமிடத்து அதிர்ச்சி இதய நோயாளிக்கு மிகக் கொடியது. ஆகவே நம் பெரியவருக்குப் படகே வேண்டாம், கரையில் அமருங்கள் என்று சொல்லிவிட்டேன். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உடன் இருப்பவர் கண்டுகொள்ள வேண்டியவை

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதே தாழ்வெப்ப நிலை. இதை நோயாளி தாமே உணர்வது அரிது, ஏனெனில் முதலில் மங்குவது அறிவுதான். தடுமாறி நடக்கிறாரா, பேச்சு குழறுகிறதா, விரலால் பொத்தானைப் போட முடியவில்லையா, காரணமின்றி எரிந்து விழுகிறாரா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவரிடம் சர்க்கரை குறைந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். உடனே அளவு பாருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது தேறுதலன்று, மோசமடைதல். முதியோருக்குத் தொடக்கத்திலிருந்தே நடுக்கம் வராமலும் போகலாம்.

காற்றில்லாத இடத்துக்குக் கொண்டு வந்து, ஈர உடைகளைக் களைந்து, உலர்ந்த போர்வையால் தலை உட்பட மூடுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் முதலில் வெதுவெதுப்பு. கைகால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். நன்றாக நினைவோடு விழுங்கக் கூடியவராயின் இளஞ்சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது கூடாது, அது தோலின் குருதிக்குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே இறைத்துவிடும். நினைவு மங்கியவரைப் படுக்கவைத்தே, அதிராமல் தூக்க வேண்டும். குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சியிலும் தாளம் தவறும். அங்கே அவசர உதவிக்கு 911, இங்கே 108. உதகையிலோ கொடைக்கானலிலோ சாரலில் நனைந்த தாத்தாவுக்கும் இம்முறையில் மாற்றமில்லை.

பெரியவர் ஜனவரியில் மறுபரிசோதனைக்கு வந்தார். குருதி அழுத்தம் நன்றாகவே இருந்தது. அக்டோபர் இறுதியில் ஒரு நாள் விடியற்காலை, தூறலில், கரையில் அமர்ந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து உட்பையின் ஜிப்பைத் திறக்க முயன்றபோது விரல் பிடிபடவில்லையாம். மருமகனிடம் உடனே சொல்லிவிட்டார். இருவரும் காருக்குத் திரும்பி, சூட்டுக்காற்றைப் போட்டுக்கொண்டு, உலர்ந்த காலுறை மாற்றி, பிளாஸ்க்கில் இருந்த தேநீரைக் குடித்திருக்கிறார்கள். வாத்துகள் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தனவாம். மருமகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்றார்.

மேலங்கியை மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார், அடுத்த ஆண்டுக்கு. மடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எடுத்து, கழுவி உலர்த்தித் தொங்கவிடச் சொல்லுங்கள், மடிப்பு விழுந்த இடங்களில் பூச்சு உரியும் என்றேன். அங்கே இருந்தபடியே மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்.